என் பெயரில் அழிக்கப்பட்ட வரி

என்னுடைய பழைய கைபேசியில் ஒரு புகைப்படம் இன்னும் இருக்கிறது. கறுப்புக் கணினித் திரை, அதில் மேலிருந்து கீழ்வரை வெள்ளை எழுத்துகள். எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிகள், நடுவில் சில கேள்விக்குறிகள், கடைசியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரி. கணினியின் இயங்குதளத்துக்கு உள்ளே கர்னல் என்று ஒன்று உண்டு. மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. அது விழுந்துவிட்டால், தான் ஏன் விழுந்தோம் என்பதை எங்கேயும் எழுதிவைக்கக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. தெரிந்ததையெல்லாம் திரையில் கொட்டிவிட்டு அப்படியே உறைந்துபோகும். அதைப் பிடித்துவைக்க முறையான வழிகள் உண்டுதான். எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே வழி கைபேசியில் படம் எடுப்பது. அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் எழுத்துகளுக்குப் பின்னால், திரையின் பளபளப்பில், இரண்டு உருவங்கள் தெரியும். முக்காடு போட்டுக் கைபேசியை உயர்த்திப் பிடித்திருப்பவள் நான். எனக்குப் பின்னால் காகித டம்ளரில் டீயோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர் அண்ணன். அந்த எழுத்துகளுக்குள் எதைத் தேட வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரியும். எனக்குத் தெரியாது.

அண்ணன் என்றால் உடன் பிறந்தவரல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட மூன்று வயது பெரியவர். அண்ணனூரில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவார். நான் பூந்தமல்லியிலிருந்து வருவேன். குமணன்சாவடியில் பஸ், வானகரத்தில் ஷேர் ஆட்டோ, இரண்டு இடத்திலும் தள்ளுமுள்ளு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான், கம்பெனிக்குப் போன முதல் பெண்ணும் நான். மூலைக் கடையில் பூட்டு விற்கும் என் அத்தாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கடைசிவரை புரியவில்லை. ஆனால் கேட்பவர்களிடமெல்லாம், ‘மிஷினுக்கு உள்ளே எழுதுறா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். சேர்ந்த இரண்டாம் நாள், மதியத் தொழுகைக்கு இடமில்லாமல் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, பழைய பெட்டிகள் அடைந்திருந்த அறையில் ஒரு மூலையை ஒதுக்கிப் பெருக்கிவிட்டவர் அண்ணன். ‘ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் வரை கதவைத் தட்டாதீர்கள்’ என்று அவரே ஒரு தாளில் எழுதி ஒட்டினார். “இன்னா தங்கச்சி, எடம் போதுமா? அந்த யூபிஎஸ்ஸ வேணா அப்பால நவுத்திடறேன்” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன். நோன்பு மாதத்தில் முதல் நாள் கஞ்சி ஒரு தூக்கில் அவருக்குப் போய்விடும். இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை வெறும் அலுவலக அரசியல் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

நாங்கள் செய்த பொருள் ஒரு கார்டு. தொழிற்சாலையில் பெரிய பிரஸ் இயந்திரங்கள் இருக்கும் அல்லவா, அவற்றில் சென்சாரை ஒட்டி, அதன் வயரை இந்தக் கார்டில் செருகி, கார்டைக் கணினிக்குள் பொருத்திவிட்டால் இயந்திரம் எப்படி அதிர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கார்டு சொல்வதைக் கர்னலுக்குப் புரியவைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதைக் கணினி ஓடும்போதே மாட்டலாம், ஓடும்போதே கழற்றலாம். மாட்டுகிற பகுதியும் கழற்றுகிற பகுதியும் நான் எழுதியவை. நடுவில் அளவுகளைச் சேர்த்துவைக்கும் பகுதி அண்ணனுடையது. அதிர்வு வந்தால் டிரைவர் கர்னலிடம் ஓர் அலாரம் வைக்கும்; பத்து விநாடி கழித்து என்னைக் கூப்பிடு, நிலைமை அடங்கிவிட்டதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிவைக்கும். டிரைவரைக் கழற்றும்போது அந்த அலாரத்தை ரத்துசெய்துவிட்டுத்தான் போக வேண்டும். செய்யாவிட்டால், பால்காரரிடம் சொல்லாமல் வீட்டைக் காலிசெய்தவர் கதைதான். இங்கே வீட்டையும் சேர்த்து இடித்துவிடுவார்கள். பால்காரர் வழக்கம்போல் படியேறக் கால் வைப்பார், படி இருக்காது. கர்னல் விழுவது இப்படித்தான்.

எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. முதலாவது, டிரைவரை யாரும் கழற்றவே மாட்டோம். சோதனை முடிந்தால் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைப்பதோடு சரி. கல்லூரியில் அப்படிச் செய்தால் ஆசிரியர் அடிக்க வருவார், இங்கே மேலாளரே அப்படித்தான் அணைப்பார். இரண்டாவது, கார்டு பொருத்திய கணினி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை முதலில் தயார்செய்தவள் நான் என்பதால் அது எப்போதும் என் பெயரில்தான் திறந்திருக்கும். யார் உட்கார்ந்து எதைத் திருத்தினாலும் என் பெயரில்தான் பதிவாகும். அவரவர் மேஜைக்குப் போய் அவரவர் பெயரில் திருத்தவேண்டும் என்று விதி இருந்தது. அதை எல்லோரும் பெரும்பாலும் கடைப்பிடித்தோம். அவசரத்தில் எப்போதாவது மீறுவோம், மறுநாள் சொல்லிவிடுவோம். “உன் பேர்ல ஒரு திருத்தம் போட்டேன் மா, பாத்துக்க” என்று அண்ணனே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்வார் என்பதால் நானும் அதைப் பூட்டிவைத்ததில்லை. பூட்டுக் கடைக்காரர் மகள் செய்கிற காரியமா என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து புகார் வந்தது. அவர்கள் எங்களைப்போல் இல்லை, ஒழுங்கானவர்கள். புதிய டிரைவரைப் போடுவதற்காகப் பழையதை முறைப்படி கழற்றியிருக்கிறார்கள். சில விநாடிகளில் கணினி விழுந்துவிட்டது, அதை நம்பியிருந்த பிரஸ் வரிசையும் நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மேலாளர் என்னை அழைத்தார். அந்த நேரத்தில் புதிய கார்டு ஒன்று வருவதாக இருந்தது, அதன் டிரைவர் முழுவதையும் என் பொறுப்பில் விடுவதாக அவர் ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நான்கு வருடமாக நான் காத்திருந்த வேலை அது. “இதை முடிச்சிட்டு அதுக்கு வாங்க. இது ஏன் விழுதுன்னு தெரியாம புதுசை உங்க கையில கொடுக்க முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அண்ணன் அவராகவே என் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ரெண்டு பேரா பாத்தா சீக்கிரம் ஆவும்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று வாரம் தேடினோம். கொடுமை என்னவென்றால் எங்கள் மேஜையில் அது ஒழுங்காக விழவும் மாட்டேன் என்றது. இருபது முறை கழற்றினால் ஒன்றும் ஆகாது, இருபத்தோராவது முறை விழும். விழும்போது திரையில் கொட்டும் எழுத்துகளில் யார் கூப்பிட்டு யார் விழுந்தது என்று பெயர் வர வேண்டும். எங்களுக்குப் பெயரே வராது, வெறும் முகவரிதான் வரும். டிரைவர்தான் ஏற்கெனவே போய்விட்டதே, பெயர் எங்கிருந்து வரும். இப்போது யோசித்தால் அதுவே போதுமான துப்பு. அன்று அந்தப் பக்கம் நினைப்பு போகாதபடி அண்ணன் ஒவ்வொரு நாளும் ஒரு யோசனை வைத்திருந்தார். மெமரி சரியில்லையோ என்றார், மாற்றினோம். பவர் சப்ளை என்றார், மாற்றினோம். கர்னலின் பதிப்பு என்றார், மூன்று பதிப்புகளை இறக்கி ஏற்றி ஒரு வாரம் போனது. “இது ஹார்ட்வேரு தான் மா. உன் கோடு மேல எனக்கு டவுட்டே கெடையாது” என்று அவர் சொல்லும்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. கழற்றும் பகுதியை நான் திறந்து படிக்கவே இல்லை. நான் எழுதியது, எனக்குத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது, அண்ணனே சந்தேகப்படவில்லையே என்ற நிம்மதியும் இருந்தது. அவர் வாங்கிவந்து கொடுத்த டீக்கு மட்டும் கணக்கே இல்லை.

வழி காட்டியது பக்கத்து ஷெட். அங்கே தகடு வெட்டும் பிரஸ் ஒன்று காலையிலிருந்து மாலைவரை விட்டுவிட்டுத் தொம் தொம் என்று இடிக்கும். எங்கள் சுவரும் சேர்ந்து அதிரும், பழகிப்போனதால் யாருக்கும் காதில் விழாது. விழுந்த நேரங்களை நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு வியாழக்கிழமை அதைப் புரட்டியபோது புதன்கிழமை என்று ஒரு பதிவுகூட இல்லை. மூன்று வாரத்திலும் இல்லை. புதன்கிழமை பக்கத்து ஷெட்டுக்கு வார விடுமுறை. நான் எழுந்துபோய் மேஜைமேல் சும்மா கிடந்த சென்சாரைத் தொட்டுப் பார்த்தேன். இடிக்கும்போதெல்லாம் அது விரலில் துடித்தது. அதிர்வு வந்தால்தான் டிரைவர் அலாரம் வைக்கும். அலாரம் வைத்த பத்து விநாடிக்குள் கழற்றினால்தான் விழும். சென்சாரை விரலால் தட்டிவிட்டு உடனே கழற்றினேன், விழுந்தது. மறுபடி செய்தேன், மறுபடி விழுந்தது. மூன்று வாரம் எனக்கு அடங்காதது இப்போது சொன்னபடி கேட்டது. சந்தோஷத்தில், “அண்ணா, மாட்டிக்கிச்சு!” என்று கத்திவிட்டேன். அவர் ரயில் தாமதம் என்று அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

அதன்பிறகு ஐந்து நிமிட வேலை. கழற்றும் பகுதியைத் திறந்தேன். அலாரத்தை ரத்துசெய்து, அது ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருந்துவிட்டுப் போ என்று சொல்லும் ஒரு வரி அங்கே இருக்க வேண்டும். இல்லை. அதை எழுதிய நினைவு எனக்குத் தெளிவாக இருந்தது. யார், எப்போது அழித்தார்கள் என்று நிரலின் வரலாற்றைக் கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: என் பெயர், பத்து மாதங்களுக்கு முன். தேதி சொல்லாது; நாம் கேட்டால்தான் சொல்லும், இல்லாவிட்டால் இத்தனை மாதம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். நான் கேட்கவில்லை. பத்து மாதங்களுக்கு முன் என் தங்கையின் நிக்காஹ். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் மண்டபம், ஜவுளி, அழைப்பு என்று அலைந்துகொண்டே வேலையும் பார்த்தேன். வேறு யாராவது என்றால் மறுநாளே சொல்லியிருப்பார்கள்; அந்த அவசரத்தில் நான்தான் எதையோ செய்துதொலைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த வரியைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் கணினி விழவில்லை, எந்தக் கட்டளைக்கும் அசையாமல் தொங்கிக்கொண்டு நின்றது. காரணம், ஒரே தகவலை இருவர் ஒரே நேரத்தில் தொடாமலிருக்க நிரலிலும் பூட்டு உண்டு; அண்ணனுடைய பகுதி அப்படி ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலாரம் முடியட்டும் என்று காத்திருந்தது. அலாரம் அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. பூட்டை விடும் இடத்தை இரண்டு வரி மேலே நகர்த்தினேன், எல்லாம் சரியாகிவிட்டது. ஆக, தொங்கியதற்குப் பயந்து அந்த வரியை நானே அழித்திருக்கிறேன் என்று கதையையும் நானே முடித்துவைத்தேன்.

அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். “நான்தாண்ணா. என் பேர்தான் இருக்கு. ஞாபகமே இல்லை எனக்கு” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். “விடு மா. எல்லாருக்கும் நடக்கறது தான். மனசுல வெச்சிகினு இருக்காத” என்றார். எனக்குப் போய் டீ வாங்கிவந்தார், கூடவே ஒரு சமோசா. மறுநாள் கூட்டத்தில் மேலாளர், தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும், என்ன நடந்தது என்று கேட்டார். மேஜையைச் சுற்றி ஆறு பேர். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்; ஏனோ பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எழுந்து நின்றேன். என் கவனக்குறைவு, என் தவறு, நானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன் என்றேன். அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று மேலாளர் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் புதிய கார்டு அண்ணனிடம் போனது. என்னைக் கார்டோடு போகும் கையேட்டை எழுதச் சொன்னார்கள்.

கையேடு எழுதுவது கேவலமான வேலை என்று சொல்ல மாட்டேன். எனக்கு வந்த நோய் வேறு. என் நினைவை நான் நம்புவதை விட்டுவிட்டேன். அந்த வரியை எழுதியது நினைவிருக்கிறது, அழித்தது நினைவில் இல்லை. அப்படியானால் இன்னும் என்னென்ன செய்துவிட்டு மறந்திருக்கிறேன்? கேஸை அணைத்தேனா என்று குமணன்சாவடி வரை வந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு வரி எழுதினால் மூன்று முறை படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் சேமிப்பேன். பக்கத்தில் இருப்பவர் யார் என்றால் அண்ணன்தான். “நல்லாத்தான் கீது மா, இன்னாத்துக்கு இம்மாம் பயப்படறே?” என்பார். அத்தா வழக்கம்போல யாரிடமோ மிஷினுக்கு உள்ளே எழுதுகிறவள் என்று சொன்னபோது, அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் எரிந்துவிழுந்தேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் பேச்சை மாற்றினார். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. வேறு வேலை கிடைத்ததும் விலகல் கடிதம் கொடுத்தேன்.

கடைசி நாள், என் பெயரில் இருக்கும் எல்லாத் திருத்தங்களையும் பட்டியலிட்டு ஒப்படைக்கச் சொன்னார்கள். பட்டியல் என்பதால் இந்த முறை முழுத் தேதியும் நேரமும் சேர்த்து அச்சடித்தேன். இருபது முப்பது தாள். சும்மா புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு தேதி கண்ணில் பட்டது. அந்தத் தேதியை நான் மறக்க முடியாது, அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தவளே நான். தங்கையின் நிக்காஹ் நாள். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம், ஒரு வரி நீக்கம். மூன்று மணிக்கு நான் பூந்தமல்லி மண்டபத்தில் பெண்கள் பந்தியில் தால்ச்சா வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் அன்று வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவருக்குக் கார்டை இயக்கிக் காட்ட வேண்டிய நாள் அது. “நீ போ மா, தங்கச்சி கல்யாணத்த உட்டுட்டு யாராச்சும் லேப்ல குந்திகினு இருப்பாங்களா? நான் ஒருத்தன் பாத்துக்கறேன்” என்று என்னை அனுப்பிவைத்ததே அவர்தான். அவர் பசியோடு இருப்பாரே என்று மாமா மகனிடம் ஒரு டப்பா நிறைய பிரியாணி கொடுத்து அம்பத்தூருக்கு அனுப்பினேன். இரண்டரை மணிக்கு, “பிரியாணி சூப்பர் மா, ஒரு பருக்க மிச்சம் வெக்கல” என்று போன் செய்தார். அதற்கு நாற்பது நிமிடம் கழித்து என் பெயரில் அந்த வரியை அழித்திருக்கிறார். நான் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாசலில் அவரைப் பிடித்தேன். வழியனுப்பத்தான் நின்றுகொண்டிருந்தார். தாளைக் காட்டி, “இந்த நாள் மூணு மணிக்கு லேப்ல யாருண்ணா இருந்தது?” என்று கேட்டேன். தெரியாததுபோல் நடிக்கவில்லை, அந்த ஒன்றை மட்டும் அவர் கணக்கில் எழுதலாம். “கஸ்டமரு எதிர்ல குந்திகினு கீறான். கயட்டிக் காட்டுன்றான். இது தொங்கிகினு நிக்குது. அந்த ஒரு வரிய எட்த்தேன், ஓடிச்சு. ஒடனே சுவிட்ச ஆஃப் பண்ட்டேன். அப்பால சரி பண்ணிக்கலாம்னு உட்டது தான், மறந்து பூட்டேன்” என்றார். மூன்று வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து தேடினீர்களே, அப்போதுமா மறந்திருந்தீர்கள் என்று கேட்டேன். “மொத ரெண்டு நாளு நெசமா தோணல மா. அப்பால தோணிச்சு. அதுக்குள்ள மெமரி மாத்து, சப்ளை மாத்துன்னு நானே சொல்ட்டனே. எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது?” என்றார். கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “நீயா எயுந்து நின்னு என்னுதுன்னு சொன்னே. நான் சொல்லச் சொன்னனா?”

நியாயம்தான். அவர் சொல்லச் சொல்லவில்லை. நான் அவரைத் திட்டவில்லை, அழவும் இல்லை, ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து மேலாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன், தாளையும் படம் எடுத்து இணைத்தேன். இரண்டு நாள் கழித்து, முடிந்துபோன விஷயம், புதிய வேலைக்கு வாழ்த்துகள் என்று பதில் வந்தது. விலகிப் போகிறவள் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு. பல நாள் இதையே அசைபோட்டுக்கொண்டிருந்தேன். வரியை அழித்ததை என்னால் மன்னிக்க முடிகிறது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நானும் அதையேதான் செய்திருப்பேனோ என்னவோ. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டதைக்கூடப் பயம் என்று விட்டுவிடலாம். ‘விடு மா, எல்லாருக்கும் நடக்கறது தான்’ என்று சொன்னாரே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. தான் செய்த தவறுக்கு என்னை மன்னித்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அந்தச் சமோசாவைச் சாப்பிட்டேன்.

இப்போது நூம்பலில் அடுக்குமாடியில் இருக்கிறேன், போரூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் மறுபடியும் டிரைவர்தான் எழுதுகிறேன். என் கணினியை விட்டு இரண்டடி எழுந்தாலும் பூட்டிவிட்டுத்தான் எழுவேன்; எங்கள் குழுவில் அதைக் கேலி செய்வார்கள். போன மாதம் ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். சேலத்துப் பெண், துறுதுறுவென்று இருப்பாள். முன்பு எங்கே இருந்தாய் என்று கேட்டால், அதே அம்பத்தூர் நிறுவனம். மதியச் சாப்பாட்டில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் எந்த வருடம் அங்கே இருந்தேன், என்ன எழுதினேன் என்று விசாரித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். “மேடம், அந்த மேடம் நீங்கதானா?” என்றாள். எந்த மேடம் என்றேன். “எங்க சார் புதுசா யாரு சேர்ந்தாலும் மொத நாளே உங்க கதையைத்தான் சொல்லுவார். கர்னல் விழுந்தது, மூணு வாரம் தேடினது, புதன்கிழமையை வெச்சுக் கண்டுபிடிச்சது எல்லாம். கடைசியில மீட்டிங்ல எழுந்து நின்னு என் தப்புன்னு சொன்னீங்களாமே. தப்பு பண்ணா அந்தத் தங்கச்சி மாதிரி ஒத்துக்கணும்னு சொல்லுவார். அதைக் கேட்டுத்தான் மேடம் ஒரு தடவை நானும் எழுந்து நின்னு ஒத்துக்கிட்டேன்.”

அவள் கண் மின்னிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றியிருந்தால் எல்லோருக்கும் நல்லதாக முடிந்திருக்கும். நான் ஒரு நல்ல மேடமாக, அவர் ஒரு நல்ல சாராக, அவள் ஒரு நல்ல பிள்ளையாக. என்னால் முடியவில்லை. என் தவறு என்று நான் நம்பி எழுந்து நின்றதை வைத்து அவர் புதுப் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை என் உடம்பு ஏற்கவில்லை. “அந்த வரியை அழிச்சது நான் இல்லம்மா. உங்க சார்” என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “அப்போ ஏன் மேடம் ஒத்துக்கிட்டீங்க?” என்றாள். “என் பேரு இருந்துச்சு. நம்பிட்டேன்” என்றேன். நிக்காஹ் நாளையும் மூன்று மணி பத்து நிமிடத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே சாக்குபோல் கேட்டது. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பேச்சை மாற்றிச் சொல்கிறவர்களிடம் மரியாதைக்காக ஆட்டுவோமே, அந்தத் தலையாட்டல். டப்பாவை மூடிக்கொண்டு, “சரிங்க மேடம்” என்று எழுந்தாள். மறுநாள் வேறு மேஜையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.